பிள்ளைகளின் சிநேகிதத்தை மேடையில் ஏற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் பெரியவர் ஒருவரின் கடிதம் வந்திருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எரிச்சல் கூடிவிட்டது, ஒருவரிடம் இருப்பதைப் பார்த்து மற்றவர் வயிறெரிகிறார்கள், எல்லாம் போன் வந்ததால் வந்த வினை என்று எழுதியிருந்தார். அதுவரை சரி, அது அவருடைய அபிப்பிராயம். ஆனால் கடைசியில், வசதியில் ஒத்த வீட்டுப் பிள்ளைகளோடு மட்டும் பழக விட்டால் இந்தப் பிரச்சினை வராது என்று பெற்றோருக்கு ஒரு ஆலோசனையும் சொல்லியிருந்தார். அதை வாசித்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவருடைய வயதுக்கு உரிய மரியாதையோடுதான் சொல்கிறேன், அந்த ஆலோசனை பிழை.

நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்னக் கடையில் தையல் தொழில் செய்கிறேன். சாமத்தியச் சட்டை, கலியாண பிளவுஸ் எல்லாம் தைத்தாலும் எனக்குச் சோறு போடுவது பள்ளிக்கூடச் சட்டைதான். புது வகுப்பு தொடங்குவதற்கு முந்திய நாட்களில் நடுச்சாமம் கழிந்தும் மெசின் ஓடும். தோட்டக்காரர், மேசன்மார், ஓட்டோ ஓடுகிறவர்கள், கடை முதலாளிமார், தகப்பன் சுவிசிலோ கனடாவிலோ இருக்கிற வீடுகள் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இங்கே அளவு கொடுக்க வருவார்கள். கையை விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கச் சொன்னால் போதும், பிள்ளைகளுக்கு வாய் தானாகத் திறக்கும். வீட்டில் சொல்லாததை எல்லாம் சொல்லுவார்கள். அதனால்தான் இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1993 தொடக்கம் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கிறது. அண்மைய ஆண்டுகளில் சீனா நன்கொடையாகத் தந்த துணியும் வருகிறது. எல்லோருக்கும் ஒரே வெள்ளை, ஆகவே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது என்பது பெரியவர்களின் எண்ணம். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். வசதியான தாய்மார் கடையில் தடித்த துணி தனியாக வாங்கி நாலைந்து சட்டை தைப்பிப்பார்கள். வசதி இல்லாத தாய் இலவசத் துணியைக் கொண்டுவந்து தந்துவிட்டு, "அக்கா, கீழ் மடிப்பை நல்லா அகலமா விடுங்கோ, ரெண்டு வருஷம் போட வேணும்" என்று சொல்லுவா. பிள்ளை வளர வளர அந்த மடிப்பை அவிழ்த்து இறக்குவேன். அவிழ்த்த இடத்தில் ஒரு கோடு விழும். மடிப்புக்குள் இருந்த துணி வெள்ளையாகவே இருக்கும், வெளியில் கிடந்த துணி தோய்த்துத் தோய்த்துப் பழுப்பேறி இருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஒரு மெல்லிய மடிப்புத் தையல் போட்டு மறைத்துத்தான் கொடுப்பேன். அப்படியும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"உன்ர சட்டையில ரெண்டு கோடு கிடக்குது" என்று ஒரு பிள்ளை தன் சிநேகிதியிடம் சொன்னதை என் கடையிலேயே கேட்டேன். அதில் கேலி இல்லை. மழை தூறுது என்று சொல்வது போலச் சொன்னாள். மற்றவளும், "ஓம், போன வருஷம் ஒண்டு, இந்த வருஷம் ஒண்டு" என்று மறுமொழி சொல்லிவிட்டு, இருவரும் என் வாசல் படியில் இருந்து கச்சான் உடைத்துச் சாப்பிட்டார்கள். ஒருத்திக்கு நாலு புதுச் சட்டை, மற்றவளுக்கு இறக்கின சட்டை. இரண்டு பேருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே சிநேகிதமாக இருந்தார்கள்.

அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் சொல்லமாட்டேன், பள்ளிக்கூடத்தையும் சொல்லமாட்டேன். அவர்கள் இந்த ஊரில்தான் வளர வேண்டும். ஒருத்தியின் தகப்பன் மேசன். மற்றவளின் தகப்பன் சுவிசில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். முதலாம் வகுப்பில் இருந்து இரண்டு பேரும் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தார்கள்.

2022இல் நாட்டில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வருடத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. சுவிசில் இருந்து வந்த அதே காசு இங்கே வந்து சேரும்போது ஒன்றரை மடங்குக்கு மேலானது. மேசன் வீட்டிலோ சீமெந்து மூட்டை 3,000 ரூபா அளவுக்குப் போனதால் கட்டுமான வேலையே நின்றது, சாமான் விலை எல்லாம் ஏறியது. அந்தச் சுவிஸ் தகப்பன் கூடுதலாகவும் உழைக்கவில்லை, இந்த மேசன் சோம்பேறியாகவும் போகவில்லை. ஒரு வாங்கில் இருந்த இரண்டு பிள்ளைகளின் வீடுகளுக்கு நடுவில் அந்த ஒரு வருடத்தில் பெரிய இடைவெளி வந்துவிட்டது. நிலைமை கொஞ்சம் சீரானதும் சுவிஸ் வீட்டு மதிலை உயர்த்திக் கட்டினார்கள். கட்டியவர் சிநேகிதியின் தகப்பன்தான்.

அதற்குப் பிறகும் பிள்ளைகள் பிரியவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு ஆசை இருந்தது, எரிச்சலும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மேசன் வீட்டுப் பிள்ளை சுவிஸ் கலர்ப் பென்சில் பெட்டியைக் கையில் எடுத்தால் திருப்பிக் கொடுக்க நேரம் எடுக்கும். மற்றவளுக்கு வேறு எரிச்சல். கொப்பிகளுக்குப் போட அவளிடம் கடையில் வாங்கின பிளாஸ்ரிக் உறைகள் இருந்தன. சிநேகிதிக்கு அவளுடைய தகப்பன் பழைய கலண்டர்த் தாளில், மூலை மடித்து, கொப்பி கொப்பியாக உறை போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து இவள் தன் கொப்பிகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், "மாமா, எனக்கும் போட்டுத் தருவீங்களோ?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சீமெந்து ஏறின விரலோடு ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து போட்டுக் கொடுத்தார். இவளுடைய தகப்பன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வருகிறவர். மற்ற நாளெல்லாம் போனில்தான் அப்பா.

பெரியவர் போனைக் குற்றம் சொன்னார். நான் படிக்கிற காலத்தில், 1990க்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. பணக்கார வீட்டிலும் ஏழை வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். அந்தக் காலத்திலும் கொழும்பில் இருந்து யாரோ கொண்டுவந்த ஒரு வாசனை அழிறப்பருக்காக எங்கள் வகுப்பில் இரண்டு பேர் ஒரு தவணை முழுக்கக் கதைக்காமல் இருந்தார்கள். எரிச்சல் பிள்ளைகளோடு கூடப் பிறந்தது. அதைத் தாங்களே பேசி, சண்டை பிடித்து, கோபம் போட்டு, பிறகு ராசியாகிக் கடந்து போக அவர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் உள்ளே வரும்போதுதான் அது வேறு ஒன்றாக மாறுகிறது.

எப்படி வந்தோம் என்று சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் சேர்ந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகப் பைகள் அனுப்பினார்கள். நல்ல மனதோடு அனுப்பியது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குளிரில் நின்று உழைத்த காசு. ஆனால் பைகளை எப்படிக் கொடுத்தார்கள்? மண்டபத்தில் பதாகை கட்டி, பள்ளிக்கூடம் முழுவதையும் இருத்தி, வறுமைக்கோட்டுக்கு உட்பட்ட மாணவர்கள் என்று ஒலிவாங்கியில் சொல்லி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். காசு சேர்த்தவர்களில் சுவிஸ்காரரும் ஒருவர் என்பதால் அவருடைய மனைவியை மேடைக்கு அழைத்துப் பைகளைக் கொடுக்கச் சொன்னார்கள். மேசன் வீட்டுப் பிள்ளை தன் சிநேகிதியின் தாயிடம், தான் எத்தனையோ நாள் தண்ணீர் வாங்கிக் குடித்த அந்தக் கையில் இருந்து, தலையைக் குனிந்து பை வாங்கினாள். படம் எடுப்பவர் "இஞ்ச பாருங்கோ பிள்ளை" என்று சொல்லி அவளை இரண்டாம் தரமும் வாங்க வைத்தார். சிநேகிதி கீழே மூன்றாவது வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முகநூலில் வந்தது, பிறகு பத்திரிகையிலும் வந்தது. பையின் முன்பக்கத்தில் அனுப்பியவர்களின் பெயர் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. மேடையில் நடந்தது ஒரு நாளோடு முடிந்தது என்று வைத்தாலும், அந்த எழுத்தை அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் முதுகில் சுமக்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நாள் போனது. கயிறடிக்கும்போது யாருடைய முறை என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை. அதற்கு முன் நூறு தரம் பிடித்த சண்டைதான். இந்த முறை சுவிஸ் வீட்டுப் பிள்ளை, "உன்ர பாக் எங்கட அம்மா தந்தது" என்று சொல்லிவிட்டாள். அடுத்த நாளில் இருந்து மேசன் வீட்டுப் பிள்ளை புதுப் பையை வீட்டில் வைத்துவிட்டுக் கொப்பிகளைச் சொப்பிங் பையில் கொண்டுபோகத் தொடங்கினாள். ஏன் என்று தாய் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

அதே மாதம் சுவிஸ் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். மண்டபம் எடுத்துச் செய்தார்கள். ரோசா நிற நெற் துணியில் மூன்று அடுக்குச் சட்டை, கல் வேலையோடு, நான்தான் தைத்தேன். கடையில் கொழுவி வைத்திருந்தேன். மேசன் வீட்டுப் பிள்ளை தாயோடு வந்தாள், சீருடையின் மடிப்பை இறக்குவதற்கு. நான் தாயோடு கதைத்துக்கொண்டு நின்ற இடைவெளியில் மேசையில் கிடந்த நூல் வெட்டியை எடுத்து அந்தச் சட்டையின் கீழ் அடுக்கில் ஒரு வெட்டு வெட்டியிருக்கிறாள். விரல் நீளம்கூட இல்லை. அவர்கள் போன பிறகுதான் கண்டேன்.

அடுத்த நாள் அவள் தனியாக வந்தபோது சத்தம் போடாமல் கேட்டேன். மறுக்கவில்லை. "எனக்கு அந்தச் சட்டை வேண்டாம் அன்ரி" என்றாள். "அவளுக்கு நான் ஒண்டும் குடுக்கேலாது. அவையள்தான் எனக்குத் தருகினம்." பத்து வயதுப் பிள்ளை சொன்னது இது. பிறந்தநாளுக்கு அவளையும் கூப்பிட்டுத்தான் இருந்தார்கள். பரிசு வாங்கக் காசு இல்லை என்று தாய் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தா. தன் பிள்ளையின் பிறந்தநாளைப் பற்றி வகுப்பில் கேட்டால், அது பள்ளிக்கூட விடுமுறையில் வருகிறது என்று சொல்லச் சொல்லிக் கொடுத்ததும் அதே தாய்தான். பிறந்தநாள் என்றால் வகுப்பில் எல்லோருக்கும் கேக்கும் சொக்கிலேற்றும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது இப்போது எழுதாத சட்டமாகிவிட்டதே.

வெட்டின இடத்தில் சின்னப் பூ ஒன்று வைத்துத் தைத்தேன், என் கடையில் வைத்துப் பழுதானது, கூலி வேண்டாம் என்று சுவிஸ் வீட்டுத் தாயிடம் சொன்னேன். அவ பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குள் உண்மை எப்படியோ வெளியில் வந்து, தாய்மார் காதுக்கும் போனது. ஒரு வீட்டில் அடி விழுந்தது. மற்ற வீட்டில், கண்ணூறு வைக்கிற பிள்ளை, இனிமேல் அவளோடு சேராதே என்று தடை விழுந்தது. ரியூசன் மாற்றினார்கள். வகுப்பில் வாங்கு மாற்றித் தரும்படி கேட்டார்கள், மாற்றியும் கொடுத்தார்கள். இந்த விஷயத்தில் கலந்துகொண்ட பெரியவர்கள் ஒருவரும் அந்த மேடையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. எரிச்சல்பட்ட பிள்ளைக்கு மட்டும் தண்டனை.

இப்போது அந்தப் பெரியவர் சொன்ன ஆலோசனைக்கு வருகிறேன். வசதிக்கு வசதி பார்த்துப் பழக விடுவது என்றால் வாங்கைப் பிரிப்பதுதானே. இந்த மண்ணில் அது புதிது இல்லை. ஒரு காலத்தில் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளை வகுப்பில் நிலத்தில் இருத்தினார்கள். 1920களின் கடைசியில் அரச உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது அதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள், பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தவர்களும் இருந்தார்கள். ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்னின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சம ஆசனம், சம போசனம் என்று உறுதியாக நின்றது. அவர்கள் அன்று பட்ட பாட்டினால்தான் என் தலைமுறைப் பிள்ளைகள் கேள்வி இல்லாமல் ஒரே வாங்கில் இருந்தோம். அன்று சாதி, இன்று வெளிநாட்டுக் காசு என்று காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டு பழையபடி வாங்கைப் பிரிக்க வேண்டாம் என்று அவரைத் தயவாகக் கேட்கிறேன்.

கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கத்தான் வேண்டும், தேவை இருக்கிறது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது, 1980 முதல் பாடநூலும் இலவசம். அந்தப் பாடநூலை வாங்க எந்தப் பிள்ளையாவது மேடைக்குப் போய் வெட்கப்பட்டதைப் பார்த்திருக்கிறோமா? வகுப்பில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள், டொக்டரின் பிள்ளைக்கும் கொடுக்கிறார்கள், அதனால் யாருக்கும் அது குறையாகத் தெரிவதில்லை. வெளிநாட்டில் இருந்து அனுப்புகிற எங்கள் சொந்தங்களும் அப்படிச் செய்யலாம். ஒரு வகுப்புக்கு அனுப்புவதென்றால் வகுப்பு முழுவதுக்கும் அனுப்புங்கள். அதற்குக் காசு போதாது என்றால் அதிபரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள், எந்த வீட்டுக்கு என்ன தேவை என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும், ஒரு பின்னேரம் தாயைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுவார். பையில் பெயர் அச்சடிக்க வேண்டாம். கனடாவில் இருந்து வந்த ஒரு அம்மா சத்தமில்லாமல் என் கடைக்கு வந்து, இந்தப் பள்ளிக்கூடத்தில் கஷ்டப்பட்ட பிள்ளைகளின் சட்டைக்கு என்ன கூலி வருமோ அதை நான் தருகிறேன், பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாதீர்கள் என்று சொல்லிக் காசு கட்டிவிட்டுப் போனா. அந்தப் பிள்ளைகளுக்கு இன்றுவரை யார் என்று தெரியாது. சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள், அவ்வளவுதான்.

அதிபர், ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வகுப்பில் பிறந்தநாள் கேக் வெட்டுவதை நிறுத்துங்கள். விரும்புகிற பெற்றோர் வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுக்கட்டும். ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளைகளிடம் காசு சேர்த்து, கொடுக்காதவர் பெயரைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நாளைக்கே நிறுத்தலாம். தாய்மாருக்கு நான் சொல்வது, சட்டையை வெட்டின பிள்ளையிடம் ஏன் என்று ஒரு தரம் கேளுங்கள், அடிப்பதற்கு முன்பு. மற்ற வீட்டுத் தாயும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திச் சாப்பாடு போடலாம். அந்த இரண்டு பேரும் இன்னும் ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். ஒருத்தி அளவுக்கு வந்தால் மற்றவள் சட்டை தைத்தாயிற்றா என்று என்னிடம் கேட்கிறாள். தடை போட்டது வீடுகள்தான்.

கடைசியாக ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் படம் வந்த பத்திரிகைகளில் உங்களுடையதும் ஒன்று. கற்றல் உபகரணம் வழங்கல், துவிச்சக்கரவண்டி வழங்கல் என்று வாரத்தில் எத்தனையோ படங்கள் உங்கள் மேசைக்கு வரும். செய்தியைப் போடுங்கள், கொடுத்தவர்களின் படத்தையும் தாராளமாகப் போடுங்கள், அவர்கள் வளர்ந்தவர்கள், சம்மதித்துத்தான் நிற்கிறார்கள். வாங்குகிற பிள்ளையின் முகத்தைப் போடாதீர்கள், பெயரையும் போடாதீர்கள். அடுத்த நாள் அதே பிள்ளை அதே வகுப்பில் போய் இருக்க வேண்டும். புதிய தவணை தொடங்கப் போகிறது, பைகள் வரும், படங்களும் வரும். அதற்கு முன்பு உங்கள் பத்திரிகை இந்த முடிவை எடுத்து, வாசகர்களுக்கும் அறிவித்தால் மற்றப் பத்திரிகைகளும் பின்பற்றக்கூடும்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் ஒரு வாசகி,
கோண்டாவில்.